ஈசினோபில் 14 சதவீதம்: ரத்தப் புற்றுநோயா?

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் (ஒரு வகை வெள்ளையணு) 14 சதவீதம் என்று வந்திருக்கிறது, இது ரத்தப் புற்றுநோயா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இல்லை, ஈசினோபில் 14 சதவீதம் என்பதை மட்டும் வைத்து ரத்தப் புற்றுநோய் என்று சொல்லவே முடியாது.

சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுக்கள் 9,000; அதில் 14 சதவீதம் 1,260. மைக்ரோலிட்டருக்கு 500 வரை இயல்பு, 1,500 வரை லேசான உயர்வுதான்.

காலையில் அடுக்குத் தும்மல் என்று எழுதியிருக்கிறீர்களே, அலர்ஜியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் அது தப்பிவிடலாம். வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. அப்புறம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தயவுசெய்து நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள். எண்ணிக்கை இறங்கிவிடும், காரணம் அப்படியே இருக்கும். சில வகைப் புழுக்கள் உடலில் இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.