மருத்துவர் பதில்: மன அழுத்தம் குறைய நமக்கு நாமே பயிற்சியாளராக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். மார்ச் மாதக் கணக்கு முடிப்பிலிருந்தே விடியற்காலை மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிடரி வலிக்கிறது, எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். அஞ்சல்வழியில் சேர்ந்த எம்.காம். பாதியில் நிற்கிறது. 'செல்ஃப் கோச்சிங்' பழகினால் சரியாகும் என்று தோழி சொல்கிறார். அதற்கான இணைய வகுப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அதற்கு முன் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வாகவும் எரிச்சலாகவும் வெளிப்பட்டு, மன அழுத்தம் என்ற பெயரில் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போவதைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறி, இரவில் வியர்த்து விழிப்பு வருவதும் உண்டு. அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றரை மணி விழிப்புக்கு ஓரளவு உடலியல் காரணம் இருக்கிறது. இரவின் பிற்பகுதியில் உறக்கம் இயல்பாகவே மெலிந்திருக்கும். விழிப்புக்கு உடலைத் தயார்ப்படுத்தும் கார்ட்டிசால் என்ற சுரப்பும் அப்போதுதான் மெல்ல ஏறத் தொடங்கி, நாம் எழுந்த சிறிது நேரத்தில் உச்சத்தைத் தொடும். கவலை இல்லாதவர் அந்நேரம் புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிடுகிறார். உங்களுக்கோ முடியாத வேலைகளெல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் காபி குடிப்பவரானால் அதையும் நிறுத்துங்கள். உட்கொண்ட கஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும்.

இனி, தோழி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நல்ல பயிற்சியாளர் ஆடுபவரைக் கவனிக்கிறார், கேள்வி கேட்கிறார், ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறார். அதை நமக்கு நாமே செய்துகொள்வதற்கு ஒரு நோட்டும் பத்து நிமிடமும் போதும். இரவில் முதல் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். மீதி ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இன்று பிடரி எந்த நேரத்தில் இறுகியது? அப்போது என் கையில் இருந்தது எது, இல்லாதது எது? நாளை எந்த ஒன்றைச் செய்யாமல் விடலாம்?

என்னிடம் சிகிச்சைக்கு வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கங்களைத் தைத்து ஒரு நோட்டு செய்திருந்தார். முதல் வாரப் பக்கங்களில் 'சோம்பேறி', 'இதுகூடத் தெரியாதா' என்று சிவப்பு மையில் தன்னையே திருத்தி வைத்திருந்தார். உங்கள் மாணவியின் தாளில் இப்படி எழுதுவீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'எழுத மாட்டேன், டாக்டர்' என்றார். தன்னைத் திட்டிக்கொள்வதையே பயிற்சி என்று எண்ணிக்கொள்பவர்கள் அவரைப் போல் பலர் இருக்கிறார்கள்.

ஆகவே எழுதும்போது 'நான்' என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ எழுதிப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் இவ்வாறு தம்மையே அழைத்துப் பேசிக்கொண்டவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. சங்க அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவதைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எதைச் செய்யாமல் விடலாம் என்ற மூன்றாவது கேள்விதான் பலருக்கும் கடினம். முக்கியமான பத்து என்று பட்டியல் போட்டால் அது இன்னொரு சுமையாகிவிடும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், வேலை, மகள், மாமியார் ஆகிய மூன்றும் நழுவ முடியாதவை. உங்களுக்கென்று இருப்பது அந்த எம்.காம். மட்டுமே; அதையும் விட்டுவிடாதீர்கள். 'இனி நன்றாகப் படிப்பேன்' என்ற உறுதி மூன்று நாள் தாங்காது. 'இரவு பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்ததும், கூடத்து மேசையில் இருபது நிமிடம் பாடப் புத்தகத்தைத் திறப்பேன்' என்று நேரத்தையும் இடத்தையும் கட்டி எழுதுங்கள். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்ற இந்த அமைப்பு வெறும் தீர்மானத்தைவிட நன்றாகப் பலிக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டியிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்றால், மாமியாரின் மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் எந்தெந்த வேளையில் யார் பொறுப்பு என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வதால் வரும் களைப்பை எந்த நோட்டும் தீர்க்காது.

எரிச்சல் பொங்கும்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில், மூச்சை விடும் நேரம் சற்று நீளுமாறு, ஐந்து நிமிடம் சுவாசியுங்கள். இவற்றை நான்கு வாரம் செய்து பாருங்கள். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவுகளுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். படியேறும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் அன்றே இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் அழுகை வந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, நான்கு வாரத்துக்குக் காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.