முன்னாள் மாணவர் செய்திமடலும் சந்திப்பும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சேலத்தில் உள்ள ஒரு கலைக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இணைச் செயலாளராக இருக்கிறேன். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் என நான்கு பழைய துறைகள். ஆண்டுக்கு ஒரு சந்திப்பு நடத்துகிறோம். வருவது அதே முப்பது, நாற்பது பேர்தான். வாட்ஸ்அப்பில் அழைப்பு போட்டால் வாழ்த்து வருகிறது, ஆள் வருவதில்லை. இந்த ஆண்டு காலாண்டுச் செய்திமடல் தொடங்கலாம், சந்திப்பை ஏற்காட்டில் வைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு. எதை முதலில் செய்வது?

பதில்: செய்திமடலையும் ஏற்காட்டையும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். முதல் வேலை பெயர்ப் பட்டியல். கலைக் கல்லூரியில் படித்தவர்கள் சங்கத்துக்காக வருவதில்லை. தங்கள் செட்டுக்காகவும், பாடம் நடத்திய ஆசிரியருக்காகவும் வருகிறார்கள். செயலாளர் கையெழுத்திட்ட அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறவர், கூடப் படித்தவர் போன் செய்து "நான் போறேன், நீ வர்றியா?" என்று கேட்டால் மறுநாளே லீவு சொல்லிவிடுவார். ஆகவே ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு தொடர்பாளர் கிடைக்கும் வரை வேறு எதையும் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.

பட்டியலுக்கு மூலம் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு. முதல்வரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள். பெயர், துறை, ஆண்டு, ஊர் ஆகிய நான்கை மட்டும் எடுத்தால் போதும். சாதி, பெற்றோர் வருமானம் போன்ற கட்டங்களைத் தொடவே கூடாது. போன் எண்ணை அவரவரிடமே படிவத்தில் வாங்குங்கள். "என் எண்ணைச் சங்கச் செய்திகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி சேர்த்து ஒப்புதல் பெறுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல.

படிவத்தில் வழக்கமாக விடுபடும் மூன்று விஷயங்கள் உண்டு. கல்லூரிக் காலத்துப் பெயரும் இனிஷியலும் முதலாவது. திருமணத்துக்குப் பின் பல பெண்களுக்கு இனிஷியல் மாறியிருக்கும். இப்போதைய பெயரை மட்டும் போட்டால் கூடப் படித்தவர்களுக்கே ஆளைத் தெரியாது. அடுத்தது, அன்று எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது. ஒரே செட்டில் மூன்று செல்வராஜ் இருப்பார்கள். "எடப்பாடி செல்வராஜ்" என்றால்தான் முகம் ஞாபகம் வரும்.

மூன்றாவது, என்ன படித்தார் என்ற கட்டம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூத்தவர்கள் விலகி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் சேலம் மாவட்டக் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்; படிவத்தில் அதற்கும் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வரும் வரை கல்லூரியில் பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்தது. அந்த ஓராண்டை மட்டும் உங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வேறிடம் போனவர்கள் ஏராளம். படிவத்தில் பட்டம் என்ற கட்டத்தில் பி.ஏ., எம்.ஏ. மட்டும் இருந்தால், நம்மைக் கூப்பிடவில்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "பி.யு.சி.", "பாதியில் நிறுத்தியவர்" என இரண்டு கட்டங்கள் சேருங்கள். வறுமையால் இரண்டாம் ஆண்டில் நின்றுபோனவருக்கும் அந்த வகுப்பறை சொந்தம்தான். சங்கத்தின் விதிகள் அவரை உறுப்பினராக ஏற்காவிட்டால் விதியைத் திருத்துங்கள்.

வாட்ஸ்அப் பற்றி. ஒரு குழுவில் 1,024 பேர் வரைதான் சேர்க்க முடியும். பலருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அழைப்பே வரவில்லை என்று பலர் சொல்வது பெரும்பாலும் உண்மை, காரணம் இதுதான். கம்யூனிட்டி வசதியில் அட்மின் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்று, அதற்குக் கீழே துறைவாரிக் குழுக்கள் என்று பிரித்துவிடுங்கள். காலை வணக்கமும் அரசியல் வீடியோவும் அறிவிப்புக் குழுவுக்குள் நுழைந்தால் ஒரே மாதத்தில் எல்லோரும் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

இனி செய்திமடல். ஏ4 அளவில் நான்கு பக்கம் போதும்; பி.டி.எஃப். கோப்பு இரண்டு எம்.பி.யைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தை முதல்வர் உரைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை அடுத்த பக்கத்தில் ஆறு வரியில் வைத்தாலும் மரியாதை குறையாது. முதல் பக்கம் முழுக்க ஆட்களின் செய்தி வர வேண்டும். "சந்திப்பு சிறப்பாக நடைபெற்றது, திரளானோர் கலந்துகொண்டனர்" என்ற வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. இந்த அச்சில் எழுதிப் பாருங்கள்:

"(பெயர்), பி.ஏ. வரலாறு, 1983–86. அன்று பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்; இப்போது ஒசூரில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். வரும் மே மாதம் பணி ஓய்வு. செட்டில் யாராவது அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்கிறார்."

நான்கே வாக்கியம். ஆனால் அந்த செட்டில் உள்ள அத்தனை பேரும் இதை மற்றவருக்கு அனுப்புவார்கள். ஓர் இதழில் இப்படி இருபது பேரின் செய்தி இருந்தால் அடுத்த இதழுக்கான செய்தி தானாக வந்து சேரும். பதவி உயர்வும் விருதும் மட்டும்தான் செய்தி என்று நினைக்க வேண்டாம். கலைத்துறை மாணவர்களில் ஆசிரியர், வருவாய்த் துறை ஊழியர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர், தறிப்பட்டறை நடத்துபவர், விவசாயி எல்லோரும் உண்டு. எழுதிய கவிதைத் தொகுப்பு, ஊரில் கண்டெடுத்த நடுகல், தொடங்கிய நூலகம் எல்லாம் அவர்கள் படித்த படிப்பின் தொடர்ச்சிதான்.

இரங்கல் செய்தியில் அவசரம் கூடாது. குழுவில் யாரோ போட்டதை நம்பி வெளியிட்டு, பெயர் குழப்பத்தில் உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி போன சங்கங்கள் உண்டு. குடும்பத்தில் ஒருவரிடம் நேரில் அல்லது போனில் உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

எழுத்துரு இன்னொரு சிக்கல். நம்மூர் டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துத் தருகிறார்கள். அச்சில் அழகாக இருக்கும். அதையே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் படிக்க முடியாத குறிகளாகிவிடும், கணினியில் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ஆரம்பத்திலேயே, எந்தப் போனிலும் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடில்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குழுப்படத்துக்கு "இடமிருந்து வலம்" பெயர் இல்லாமல் எதையும் வெளியிட வேண்டாம். இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்துக்கு மதிப்பே அந்தப் பெயர்வரிசைதான்.

சந்திப்புக்கு நாள் குறிப்பதில்தான் பாதி வெற்றி. எங்கள் பரிந்துரை டிசம்பர் கடைசி ஞாயிறு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் கல்யாண அழைப்பு குறுக்கே வராது. அரையாண்டு விடுமுறை என்பதால் ஆசிரியர்களுக்கு வசதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு விழுகிறதா என்று மட்டும் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியிலும் முகூர்த்தம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் சேலமே கோயிலில் இருக்கும்; பதினெட்டாம் பெருக்கன்று மேட்டூர்ச் சாலையில் நகர முடியாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே தேதி செப்டம்பர் மாதத்திலேயே வெளியாக வேண்டும். முன்பதிவு திறக்கும் நாளன்று ஒரு நினைவூட்டல், பிறகு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வாரம் இருக்கும்போது. சென்னை, பெங்களூரு ஆட்கள் முதலில் முடிவு செய்வார்கள். ஆத்தூர், ஓமலூர் ஆட்கள் கடைசி வாரத்தில்தான் முடிவு செய்வார்கள். அவர்களுக்குத் தொடர்பாளரின் போன்தான் வேலை செய்யும்.

இடம் கல்லூரியாகவே இருக்கட்டும். வருகிறவர் பார்க்க விரும்புவது தன் வகுப்பறையை. ஏற்காட்டை ஆண்டு முக்கியச் சந்திப்புக்குப் பரிந்துரைக்க மாட்டோம். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள். எழுபது வயது ஆசிரியரை அந்த வளைவுகளில் ஏற்றி இறக்குவது அன்பாகாது. டிசம்பர் விடுமுறையில் அறை வாடகையும் நெரிசலும் கூடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நினைவில் வையுங்கள். ஒரு துறை அல்லது ஒரு செட், இருபது, முப்பது பேராகப் போவதற்கு ஏற்காடு அருமையான இடம். அதற்குப் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள்: மழை ஓய்ந்திருக்கும், மே மாதக் கோடை விழாக் கூட்டம் இருக்காது. நீளமான ஆம்னி பஸ் வேண்டாம், வேன் போதும். தலைசுற்றல் உள்ளவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். குப்பனூர் வழியாக மாற்றுப் பாதை உண்டு என்பதை ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நாள் நிகழ்ச்சியில் மேடையைச் சுருக்குங்கள். பத்தரைக்குத் தொடங்கினால் பதினொன்றே காலுக்கு மேடை முடிய வேண்டும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் அவரவர் துறை வகுப்பறையில், அமைப்பாளர் தலையீடு இல்லாமல் பேசட்டும். மாடி வகுப்பு வேண்டாம், தரைத்தளம் கேளுங்கள். பதிவு மேசையைத் துறைவாரியாகப் பிரியுங்கள். பெயர் அட்டையில் கல்லூரிக் காலப் பெயரும் ஆண்டும், கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும். குழுப்படம் சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டதும் தூரத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பொதுக்குழுவையும் சாப்பாட்டுக்கு முன்பே, அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பினால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் பொறுப்பேற்று, வீட்டிலிருந்து அழைத்து வந்து, மதியம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காமல் வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடுங்கள். "ஐயா வருகிறார், அம்மா வருகிறார்" என்ற ஒரு வரி அழைப்பில் இருந்தாலே கூட்டம் கூடும்.

சமையலுக்கு வாட்ஸ்அப்பில் கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். சிறு தொகையாவது முன்பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையுடன் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பணம் செயலாளரின் சொந்த ஜி-பே எண்ணுக்கு வரவே கூடாது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இருந்தால் கணக்குத் தொடங்குவது எளிது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டுக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிப் பதிவு இல்லாமல், கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்று எழுத வேண்டாம். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் தங்கள் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது.

கல்லூரியின் ஒத்துழைப்பு பெற ஒரு வழி: கல்லூரிகளுக்குத் தர மதிப்பெண் தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்குத் தனி இடம் உண்டு. வருகைக் கையெழுத்துப் பட்டியல், எடுத்த இடம் பதிவாகும்படி ஜியோ டேக் செய்த படங்கள், ஒரு பக்க அறிக்கை மூன்றையும் சந்திப்பு நடந்த அதே வாரத்தில் முதல்வரிடமும் தர உறுதிக் குழுவிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அரங்கம் கேட்கும்போது கடிதம் மேசையில் தூங்காது.

முதல் ஆண்டில் நான்கு துறைக்கும் சேர்த்து நாற்பது தொடர்பாளர்கள் கிடைத்தால் அதுவே நல்ல தொடக்கம். மூத்த செட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அவர்களிடம்தான் பழைய ஆண்டு மலர்களும் விடைபெறும் நாள் புகைப்படங்களும் இருக்கும். அவற்றை வாங்கி 300 டி.பி.ஐ. தரத்தில் ஸ்கேன் செய்து, அதே வாரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.