ஜாடிச் சில்லறையை நோட்டாக்க

ஊறுகாய் ஜாடி நிறையச் சில்லறை சேர்ந்துவிட்டது, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வங்கிக்குப் போனால் "பிறகு வாருங்கள்" என்கிறார்கள், கடைக்காரர் பத்து ரூபாய் நாணயத்தைத் தொடவே மறுக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

வங்கிக்கு முன் ராமேஸ்வரம் கடைத்தெருவைப் பாருங்கள். வெளியூர்க் கூட்டம் ஐந்நூறு ரூபாய் நோட்டாக நீட்டும். தேநீர்க் கடைக்காரரும் பூக்காரரும் சில்லறைக்குத் தவிப்பார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்களை நூறு ரூபாய்ப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு, அமாவாசைக்கு முந்தைய நாள் போங்கள். அக்னி தீர்த்தக் கடலில் நீராடக் கூட்டம் வருமுன் கடைகளில் சில்லறை வாங்கி வைப்பார்கள். கமிஷன் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். உதவி செய்வது நீங்கள்தான்.

பத்து ரூபாய் நாணயத்துக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே அறிவித்தும், அது செல்லாது என்ற வதந்தி சாகவில்லை. அவற்றை வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். செல்லுபடியாகும் நாணயத்தை வங்கி மறுக்கக் கூடாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மிஞ்சினால் நூறு நூறு காசாகப் பையிலிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் கொடுங்கள். மறுத்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

50 காசு இன்றும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அவற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள்.

ஊறுகாய் ஜாடி என்பதால் ஒன்று: காசைக் கழுவி உலர்த்திக் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கொட்டினால் காசாளர் முகம் சுளிப்பது நியாயமே.