பேட்ரோல் போலீஸ் வண்டி நின்னா மட்டும் கியரா?

வணக்கம் அண்ணா, எனக்கு காவேரிப்பட்டணம். போன வருசம் புதுசா கார் எடுத்தேன், அடிக்கடி சேலம் போய் வர்றேன். லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனாலும் ஹைவே பேட்ரோல் வண்டியப் பாத்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. அது முன்னாடி போனா யாரும் தாண்டறதில்ல, நானும் பின்னாடியே உருட்டிட்டுப் போறேன். ஓவர்டேக் பண்ணா கேஸ் போடுவாங்களா? தொப்பூர் மலை இறக்கத்துல அவங்க நின்னா மட்டும் கியர்ல இறங்குவேன், இல்லன்னா நியூட்ரல்தான், மைலேஜ் கிடைக்கும்ல.

தம்பி,

ஓவர்டேக் பண்ணலாம். ஸ்பீடு லிமிட்டுக்குள்ள, இண்டிகேட்டர் போட்டு வலது பக்கமா தாண்டிப் போங்க, கேஸெல்லாம் கிடையாது. தப்பே பண்ணாட்டியும் காக்கியப் பாத்தா வயித்துல புளியக் கரைக்கறது நம்ம பக்கம் எல்லாருக்கும் உள்ளதுதான். சடார்னு மட்டும் பிரேக் அடிக்காதீங்க, பின்னாடி லோடோட வர்ற டிரைவருக்கு நீங்க எதுக்கு அடிச்சீங்கன்னு தெரியாது.

ஆனா அந்தக் கடைசி வரி, போறபோக்குல எழுதிட்டீங்க பாருங்க, அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. போலீஸ் நின்னா ஒரு இறக்கம், நிக்கலன்னா வேற இறக்கமா அது? பயப்பட வேண்டியது ரோட்டுக்கு, ஜீப்புக்கு இல்ல. மைலேஜ்ங்கறீங்க, உங்களது புது வண்டி, கியர்ல இருக்கறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இஞ்சினுக்குப் போற எண்ணெய, அதான் பெட்ரோலோ டீசலோ, அதுவே நிறுத்திக்கும், சக்கரம்தான் இஞ்சினச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஆஃப் ஆகாம இருக்கறதுக்காக எண்ணெய் குடிக்கும். அப்ப எதுக்கு உயிரப் பணயம் வெக்கறீங்க?

எங்க சித்தப்பா லாரி டிரைவர். தர்மபுரியில புளி லோடு ஏத்திக்கிட்டு சேலம் போவார், பள்ளிக்கூட லீவுல நானும் கேபின்ல ஏறிக்குவேன். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரக் குறைச்சிடுவார், பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் இஞ்சின் கத்திக்கிட்டே மெதுவாத்தான் இறங்குவார், எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்குடாம்பார். ஒருதடவ ரெட்டைப் பாலத்துக்கிட்ட ஒரு லாரி சக்கரத்துல புகை கக்கிக்கிட்டு நின்னுச்சு, லைனிங் கருகின நாத்தம் எங்க கேபின் வரைக்கும் வந்துச்சு, அந்த டிரைவர் பையன் பிரேக் டிரம்ல ஊத்த தண்ணியத் தூக்கிட்டு ஓடறான், சித்தப்பா குதிச்சு ஓடி கையப் புடிச்சிட்டார், காஞ்ச டிரம்ல தண்ணி பட்டா விரிசல் விட்டுடும்னு. அந்தப் பையனுக்கு உங்க வயசுதான் இருக்கும், கை வெடவெடன்னு ஆடுச்சு. இறக்கம் பூரா நியூட்ரல்ல விட்டு, இஞ்சின் இழுத்துப் புடிக்காம பிரேக்க மட்டுமே மிதிச்சுக்கிட்டு வந்திருக்கான், அதான் சூடேறிக் கருகிடுச்சு.

2020 டிசம்பர்ல இதே தொப்பூர்ல சிமெண்ட் லாரி ஒண்ணு நின்னுக்கிட்டிருந்த வண்டிங்க மேல மோதி 4 பேர் செத்தாங்க. நின்னவங்க என்ன தப்பு பண்ணாங்க? நாளைக்கு உங்க கார் நிக்காம போனா உங்களுக்கு முன்னாடியும் ஒரு குடும்பம் இருக்கும்.

அடுத்த தடவ மேல இருந்தே கியரக் குறைச்சு இறங்குங்க, பேட்ரோல் நின்னாலும் நிக்காட்டியும். இறங்கிப் பாத்துட்டு எழுதுங்க.