நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக முடியுமா?

முடியும். ஆனால் கேள்வியில் "நான் வெறும் நர்ஸ்தான், என் எழுத்துக்கு யார் காசு தருவார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த "வெறும்" கண்ணில் பட்டதும் துவைக்கப் போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்களும் தனியார் மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கிறவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அரசு வேலை என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இருக்கிறது. வெளியே எழுதிக் காசு வாங்குவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுவிடுங்கள்.

நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவள். திருச்சியில் பதினோரு வருடமாக வார்டில் இருக்கிறேன், ஐந்து வருடமாக எழுதுகிறேன். முதலில் கிடைத்தது ஒரு செயலிக்கு 800 வார்த்தைக் கட்டுரை, ஒன்றுக்கு 250 ரூபாய். தலைப்பு எல்லாம் கறிவேப்பிலையின் நன்மைகள், வெந்நீர் குடித்தால் என்ன ஆகும் என்கிற ரகம். நைட் டூட்டி முடித்துவிட்டுக் கண் எரிய எழுதினேன். நெட்டில் நாலு பக்கம் புரட்டினால் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது அது. அதற்கு அந்தக் காசே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, மகளையே யார் என்று கேட்கிறார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. லைன் போட்டு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் "ஏம்மா இங்க கூட்டியாந்த" என்று மகளைத் திட்ட ஆரம்பித்தார். திட்டுகிறார் என்றால் தெளிந்துவிட்டார் என்று அர்த்தம்.

சீட்டில் இன்சுலின் 20 யூனிட். மகளான அந்த அக்கா அழுதுகொண்டே சத்தியம் செய்கிறார், "இருபதுதான் போட்டேன் சிஸ்டர், கோடு பார்த்துத்தான் இழுத்தேன்". கொண்டுவந்த மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். இன்சுலின் பேனா உடைந்திருக்கிறது. உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜை (மருந்து அடைத்த சின்னக் குழாய்) வீணாக்க மனசில்லாமல், மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்கி அதிலிருந்து உறிஞ்சியிருக்கிறார். ஊசியின் மூடி சிவப்பு. சிவப்பு மூடி என்றால் மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற குப்பி மருந்துக்கானது. பேனாவுக்குள் போகிற கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அந்த அரை மில்லியில் இருந்தது 50 யூனிட்!

அவர் சொன்னது பொய்யே இல்லை. கோடு இருபதில்தான் நின்றது. குப்பி மருந்துக்கு ஒரு ஊசி, பேனாவுக்கு ஒரு அளவு என்று இரண்டும் நம் ஊரில் புழக்கத்தில் இருப்பதையும், கார்ட்ரிட்ஜிலிருந்து ஊசியால் இழுக்கவே கூடாது என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். பையோடு போய் உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.)

அன்றைக்கு அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். நர்ஸஸ் நோட்ஸ் எழுதுகிற மாதிரிதான்: எத்தனை மணிக்கு என்ன பார்த்தேன், அவர் என்ன சொன்னார், நாங்கள் என்ன செய்தோம். ஒரு ஆரோக்கியத் தளத்துக்கு அனுப்பினேன். மறுநாளே 1,500 ரூபாய் தருகிறோம் என்றார்கள். சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

கட்டுரை ஒரு டாக்டர் பெயரில் வந்தது. கேட்டதற்கு, "நர்ஸ் பெயர் போட்டால் நம்ப மாட்டார்கள் மேடம்" என்றார்கள். "மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன்" என்ற வரியைக்கூட மாற்றவில்லை. எந்த டாக்டர் பையைக் கொட்டிப் பார்க்கிறார், சொல்லுங்கள்?

உடனே "டாக்டர்களைக் குறை சொல்கிறாயா, நர்ஸ் வைத்தியம் எழுதலாமா" என்று யாராவது வருவீர்கள். வைத்தியம் எழுதவில்லை. மருந்து, அளவு என்று வருகிற கட்டுரையை டாக்டர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும் என்று நானே கேட்டு வாங்குகிறேன். சரிபார்த்தவர் என்று அவர் பெயர் தாராளமாக இருக்கட்டும். எழுதியவள் நான்.

அதற்குப் பிறகு யார் பெயரில் வரும் என்று கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. இப்போது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் கையேடு எழுதுகிறேன்: டிஸ்சார்ஜ் ஆன பிறகு புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது, டயாலிசிஸுக்குப் போகிறவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பது போல. அதில் யார் பெயரும் வராது, அது தெரிந்தே ஒத்துக்கொள்வது. வார்த்தைக்கு இரண்டு ரூபாய் வரை கிடைக்கிறது. நமக்குப் பலம் அங்கேதான். சுகர்காரர் எந்த வார்த்தையில் கேட்பார், எந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வீட்டில் தப்பாகச் செய்வார் என்பது நமக்குத் தெரியும்.

விட்ட வேலையும் உண்டு. சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி என்று ஒரு கம்பெனி 8,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. வேண்டாம் என்றேன். அந்த மாதம் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிக்கொள்கிறேன். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எனக்கு அந்தத் தொகையைத் தொட அதற்குப் பிறகும் வருடக்கணக்கானது. முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருட பாண்ட் என்று ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டால் அதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். ஒழுங்காகச் சம்பளம் வந்திருந்தால் நான் எழுதவே வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

சரி, உங்கள் விஷயம். வார்டில் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். நேற்று நோயாளியோடு இருந்த ஒரு அட்டெண்டர் உங்களிடம் கேட்ட கேள்வியை எடுத்து 500 வார்த்தையில் பதில் எழுதி, அதையே மாதிரியாக அனுப்புங்கள். பான் எண்ணையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். தொகை கூடும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் 20. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். நான் இரண்டு வருடம் போடாமலே விட்டேன், அந்தக் காசு போனது போனதுதான்.