வளைந்த மேஜைக் காலில் நார் பிய்வது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் கட்டையில் நான்கு வளைந்த மேஜைக் கால்கள் செய்கிறேன். உள்வளைவில் உளி வைத்தால் நார் நாராகப் பெயர்கிறது. உப்புத்தாள் போட்டபின் வழவழவென்று இருந்த கால், பாலிஷ் அடித்ததும் அலை அலையாகத் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முக்கியக் காரணம் நீங்கள் உளி தள்ளும் திசை. கட்டையில் நார் நேராக ஓடுகிறது; வளைவு அதைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினால் நார் படிந்து அறுபடும். பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டில் ஏறினால் உளி நாருக்கு அடியில் புகுந்து பெயர்த்துவிடும். அதனால் ஒவ்வொரு உள்வளைவையும் இரண்டு பக்கமிருந்தும் இறக்கி, அடிப்பள்ளத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தை அரைவட்ட அரத்தால் மட்டும் தேய்த்து இணையுங்கள்.

சில்வர் ஓக்கில் மினுமினுக்கும் கீற்றுகள் இருக்கும். அவை தெரியும் முகம் செதில் செதிலாக உரியும். அங்கே இழைப்புளியைச் சாய்த்துப் பிடித்து, காகிதக் கனத்துக்குச் சீவினால் போதும். கட்டையில் ஈரம் இருந்தாலும் பஞ்சு போலப் பிய்யும். மலையில் அறுத்த கட்டை சேலத்து வெயிலுக்கு வந்தால் மேலும் சுருங்கும். மேஜை சேலத்து வீட்டுக்கு என்றால் கட்டையை முதலில் அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஒரு துண்டை வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு செதுக்குங்கள்.

அலை விழுவதற்குக் காரணம், சதுரக் காலை அவசரப்பட்டு உருண்டையாக்கியது. விரலால் பிடித்த உப்புத்தாள் மேடு பள்ளத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அலையை அது அழிக்காது. முதலில் நான்கு முகமும் சதுரமாகவே வளைவு ஒழுங்காக வரட்டும். பிறகு எட்டுப் பட்டை. 50 மி.மீ. பருமன் உள்ள இடத்தில் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 15 மி.மீ., 30 மி.மீ. உள்ள கணுக்காலில் 9 மி.மீ. உள்ளே பென்சில் கோடு இழுத்து, அந்தக் கோடுகள் வரை மூலையைச் சீவுங்கள். கோடு நெளிந்தால் காலும் நெளியும். கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். எட்டைப் பதினாறாக்கிய பிறகுதான் மர அரம். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்காமல், குறுக்குச் சாய்வாக நீளமாக இழுங்கள். அரத்தின் கீறலை ஸ்கிரேப்பர் எனப்படும் மெல்லிய எஃகுச் சுரண்டு தகட்டாலோ, உடைந்த கண்ணாடித் துண்டின் நேர்விளிம்பாலோ சுரண்டி எடுங்கள். கண்ணாடி என்றால் கையுறை கட்டாயம்.

இப்போது பாலிஷ் ஏறிய கால்களையும் இதே தகட்டால் சுரண்டுங்கள். உப்புத்தாள் பாலிஷில் அடைத்துக்கொள்ளும். பிறகு கால் முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, பழைய ரப்பர் செருப்புத் துண்டில் 100 எண் தாளைச் சுற்றி ஒருமுறை ஓட்டுங்கள். பென்சில் மிஞ்சிய இடம் பள்ளம். இரவில் டார்ச்சைக் காலோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தாலும் மேடு நிழல் போடும்.

அடுத்து 150, 220 எண் தாள்கள், நார் ஓடும் திசையிலேயே. 220-க்கு முன் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் படுத்திருந்த நார் எழுந்துகொள்ளும். அதைத் தேய்த்துவிட்டால் பாலிஷில் சொரசொரப்பு வராது. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். நான்கும் ஒவ்வொரு கட்டத்தையும் சேர்ந்தே கடந்தால்தான் ஒன்றுபோல வரும்.