சேவற்கொடி பிடித்த குள்ளன்

கேள்வி: 1992இல் எனக்கு 10 வயது, அண்ணாவுக்கு 14. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பள்ளி நண்பன் வீட்டில் வார்ஹாமர் என்ற, சிறு உருவங்களைப் படையாக வைத்து மேசையில் ஆடும் போர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கைக்காசைச் சேர்த்துச் சேர்த்து ஒரு டுவார்ஃப் (குள்ளர்) படை வாங்கினோம். மொத்தம் 86 உருவங்கள், அநேகமாக எல்லாம் உலோகம். இருவரும் சேர்ந்து பெயின்ட் அடித்தோம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்சையும் சண்டைச் சாமானோ?" என்பார். ஆனாலும் தான் வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனிலிருந்து ஸ்பாஞ்ச் கொண்டுவந்து பெட்டிக்குள் வெட்டி வைத்துத் தந்தார். 2001இல் பல்கலைக்கழகம் போனபோது, அறைக்கு முன்பணம் போதாமல் எல்லாவற்றையும் 140 பவுண்டுக்கு விற்றேன். அண்ணா அப்போது டொரண்டோ போய்விட்டார். அவரிடம் கேட்கவில்லை. போன வாரம் ஓர் ஏலத் தளத்தில் எங்கள் கொடிக்காரனைப் பார்த்தேன். ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய் வந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு அண்ணா அந்தக் கொடியில் வரைந்த சேவல் அப்படியே இருக்கிறது. "பெயின்ட் சுமார்தான், டெட்டாலில் ஊறப்போட்டால் போய்விடும்" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து தூக்கமில்லை. மனைவி, "ஒரு பொம்மைக்கா இப்படி?" என்கிறார். வாங்கலாமா? முழுப் படையையும் திரும்பச் சேர்க்கலாமா?
– லண்டன் வாசகர்

பதில்: ஏலம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது என்பதால் "வாங்குங்கள், கழுவாதீர்கள்" என்று மட்டும் அன்றே உங்களுக்கு எழுதினேன். 54 பவுண்டுக்குக் கிடைத்துவிட்டது என்று பதில் போட்டிருந்தீர்கள். மனம் நிறைந்துவிட்டது. மீதியை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் 'வேண்டாம்'.

முதலில் டெட்டால் விஷயம். இந்தப் பொழுதுபோக்கு தெரியாத வாசகர்கள் திகைத்திருப்பார்கள். நம் வீட்டில் காயத்துக்குப் போடும் அதே டெட்டால்தான். பிரிட்டனில் பழைய உலோக உருவங்களை ஓரிரவு அதில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்ப்பார்கள். பெயின்ட் மொத்தமும் வழித்துக்கொண்டு வந்துவிடும், கீழே சாம்பல் நிற ஈயம் தெரியும். அப்புறம் புதிதாக அண்டர்கோட் என்ற அடிப்பூச்சு அடித்துத் தங்கள் விருப்பப்படி நிறம் தீட்டுவார்கள். நானே செய்திருக்கிறேன். அப்படிச் செய்பவர் யார் நினைவையும் அழிக்க நினைப்பதில்லை. தன் கையால் தீட்டிய படை வேண்டும் என்று அவருக்கும் ஆசை, அவ்வளவுதான். உங்கள் 86 பேரில் பலர் இந்நேரம் அப்படி வேறு நிறச் சட்டை மாற்றிக்கொண்டு யாரோ ஒருவர் மேசையில் நின்றிருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடக் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேடக் கிளம்பினால் பணமும் நிறையப் போகும். 1983இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தொடங்கிய வார்ஹாமர் என்ற அந்த பேண்டசி ஆட்டத்தை 2015இல் நிறுத்தினார்கள். பழைய உலோக டுவார்ஃப்களைச் சேர்ப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். 2024 ஜனவரியில் அதே உலகத்தை 'ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில், உருவங்கள் நிற்கும் அதே சதுர அடித்தட்டோடு மறுபடி கொண்டுவந்ததும், உங்களைப் போல பரண் நினைவோடு இருந்த பலர் ஒரே நேரத்தில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் 86 உருவங்களை விற்ற 140 பவுண்டுக்கு இப்போது மூன்று கொடிக்காரர்கூட வராது, உங்கள் 54ஐ வைத்துப் பார்த்தால்.

பணம்கூடப் பெரிய காரணம் இல்லை. என் கதையைச் சொல்கிறேன்.

80களில் நான் இங்கிலாந்தின் லீட்ஸில் படித்தேன். பக்கத்தில் ஹடர்ஸ்ஃபீல்டை ஒட்டிய மெல்தம் என்ற ஊரிலிருந்து ஹிஞ்ச்லிஃப் நிறுவனத்தின் உலோகச் சிப்பாய் உருவங்கள் வரும், 25 மில்லிமீட்டர் உயரம். பலவற்றைச் செதுக்கியவர் பீட்டர் கில்டர். ஓடுகிற சிப்பாய் நிஜமாகவே மூச்சு வாங்குவது போலிருக்கும். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை ஒன்றை, ஹல் நகரத்து ஹம்ப்ரால் எனாமல் பெயின்ட் டின்களை வைத்துக்கொண்டு, இரண்டு குளிர்காலம் முழுக்கத் தீட்டினேன். அறை பூராவும் பெயின்ட் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் வாசம். ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தபோது விற்றேன். பல வருடம் கழித்து அதே உருவங்கள், அதே அச்சில் வார்த்தவை, 24 பேர் கொண்ட ஒரு முழு அணி கிடைத்தது. வாங்கினேன். தீட்டியவர் என்னைவிடக் கைதேர்ந்தவர். பொத்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மேசையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. என் சிப்பாய்களுக்குக் கண் கொஞ்சம் கோணலாக இருக்கும், நீலம் கழுத்துப்பட்டியில் வழிந்திருக்கும். அந்தக் கோணல்தான் எனக்கு வேண்டியிருந்தது, அது கடையில் கிடைக்காது. ஒரு மாதத்தில் அந்த அணியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் கொடிக்காரனை வாங்கச் சொன்னேன், படையை வேண்டாம் என்கிறேன். பெருவிரல் நகத்தளவுக் கொடியில், ஐரோப்பியக் கதைக் குள்ளன் ஒருவன் கையில், 14 வயதுப் பையன் ஒருவன் முருகனின் சேவலை வரைந்திருக்கிறான். அச்சில் வராத பகுதி அது ஒன்றுதான். உங்கள் மனைவியிடம் விலையைச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சேவல் எப்படி வந்தது என்று சொன்னீர்களா? ஓர் உருவத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 86க்கு 172 மணி நேரம். அவ்வளவு நேரம் நீங்களும் அண்ணாவும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறீர்கள். புது நாட்டில், புது மொழியில், வேறு யாரோடும் அவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டீர்கள். இதைச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போரில் வெந்த மனிதருக்கு இந்த விளையாட்டு உறுத்தும், அவர் கோபம் நியாயமானது. 1913இல் பொம்மைச் சிப்பாய் ஆட்டத்துக்கு விதிகள் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸே, உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்றும் அதே நூலில் எழுதினார். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த ஸ்பாஞ்சை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிடிக்காத பொருள் உடையக் கூடாது என்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். அந்தப் பெட்டியும் 2001இல் சேர்ந்து போனதா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்து வையுங்கள்.

இப்போது கடினமான பகுதி. விற்றது தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், உங்கள் பங்கை விற்றது தப்பில்லை. 19 வயதில் தலைக்கு மேல் கூரை வேண்டியிருந்தது, படை அதைக் கொடுத்தது. அண்ணாவின் பங்கைக் கேட்காமல் விற்றதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை. உங்கள் நீண்ட கடிதத்தில் "அவரிடம் கேட்கவில்லை" என்ற இரண்டு சொல்லைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே பாருங்கள். பழைய நாள் ஏக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தால் இன்னும் 85 உருவம் வாங்கினாலும் தீராது. அது கடன். நல்ல வேளை, அதைத் திரும்பப் பெற வேண்டியவர் டொரண்டோவில் நலமாக இருக்கிறார்.

ஆகவே அந்தக் கொடிக்காரன் உங்களுடையவன் இல்லை. அண்ணாவுடையவன். அவருக்குப் போன் செய்யுங்கள். அங்கே லண்டனைவிட ஐந்து மணி நேரம் பின்னால், ஞாயிறு மாலை நீங்கள் தேநீர் குடிக்கும் நேரம் அவருக்குக் காலை உணவு முடிந்திருக்கும். படத்தை முதலில் அனுப்பிவிடாதீர்கள். படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் "பரவாயில்லை விடு" என்று சொல்லிவிடுவார், நீங்கள் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். முதலில் விற்றதைச் சொல்லுங்கள், கேட்காமல் விற்றதைச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும். அதன் பிறகு படத்தை அனுப்புங்கள்.

அதுவரை அவனைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் காலத்து உலோகத்தில் ஈயம் உண்டு, தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓக் மர அலமாரியில் வைக்கவே கூடாது. அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து, மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பெயின்ட் உதிர்ந்த இடங்களைச் சரிசெய்ய கை துறுதுறுக்கும். வேண்டாம். மேலும் உதிராமல் இருக்க பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சுப் போதும், அதையும் அண்ணாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"நீயே வைத்துக்கொள்" என்று அவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "அனுப்பு" என்றால் மெல்லிய டிஷ்யூ தாளில் முதலில் சுற்றி, அதற்கு மேல் பபிள் ராப் சுற்றுங்கள். நேரடியாகச் சுற்றினால் குமிழ்த் தடம் பெயின்ட்டில் விழுந்துவிடும். கொடிக்கம்பம் வளையாமல் இருபுறமும் அட்டை வையுங்கள். வழியில் அடித்தட்டு கழன்றுபோனால் பயப்பட வேண்டாம், ஒரு சொட்டு சூப்பர் க்ளூவில் அண்ணாவே ஒட்டிவிடுவார்.